மூன்று கோடுகளில் எண்பத்தாறு பாகை

1

இது ஒரு கடிதமாக இருந்திருக்க வேண்டும். சிறிய கடிதம். பங்குனியில் எழுத உட்கார்ந்தேன். "மேற்படி அறிக்கையின் நான்காம் பக்கத்தில்" என்று தொடங்கினேன். அடுத்த வரியில் மழை பெய்தது. கடிதத்தில் மழைக்கு வேலை இல்லை. கதை எழுதத் தொடங்கிவிட்டேன் என்று அப்போது தெரிந்தது.

நான் பேராதனையில் தமிழ் படித்தவன். ஆசிரியர் நியமனத்துக்காக இரண்டு வருடம் காத்திருந்தேன். பிறகு கண்டியில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். தேயிலைத் தொழிற்சாலைகளுக்குப் போய், இயந்திரங்களின் மேற்பரப்புச் சூட்டை அகச்சிவப்புக் கெமராவால் படம் பிடித்து, எங்கே வெப்பம் வீணாகிறது என்று அறிக்கை கொடுக்கும் நிறுவனம். என்னை எடுத்தது அறிக்கை எழுதுவதற்கு. கெமரா பிடித்தவர் கட்டாருக்குப் போய்விட்டார். இரண்டு நாள் பயிற்சி தந்து கெமராவையும் என்னிடம் கொடுத்தார்கள்.

(இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. இல்லை, சமாதானமாகத்தான் சொல்கிறேன்.)

2

கைவிட்ட தொடக்கங்கள்.

"ஹட்டனில் பஸ் ஏறியபோது ஜீவராஜின் தோளில் கெமராப் பை தொங்கியது." ஜீவராஜ் நான் உருவாக்கிய பொறியியலாளர். முப்பது வயது, கொஞ்சம் கர்வம். நான்கு பக்கம் வரை வந்தார். என் பிழையை அவர் செய்தார். எழுதி முடித்த அன்று நன்றாகத் தூங்கினேன். மறுநாள் நான்கு பக்கத்தையும் அழித்தேன்.

"மூடுபனி தேயிலை மலைகளை"

இதை முடிக்கவில்லை. அன்று மூடுபனி இருந்தது. அது எதையும் செய்யவில்லை.

"சூடு என்பது என்ன? தொட்டால் தெரிவதா, பார்த்தால்" என்று ஒன்று. இது கட்டுரை. கட்டுரையில் யாருக்கும் கை சுடாது.

கடைசியில் இதை வைத்துக்கொண்டேன்: ஆயுத பூசை முடிந்து நான்காம் நாள், நல்லதண்ணிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, நடுவழியில் இறங்கி, இரண்டு கிலோமீட்டர் நடந்து அந்தத் தொழிற்சாலைக்குப் போனேன்.

3

ஆயுத பூசைக்கு முந்தைய நாளே இயந்திரங்களை நிறுத்திவிடுவார்கள். கழுவித் துடைத்து, மாலை போட்டு, விபூதி பூசி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைப்பார்கள். நான் போனபோது இயந்திரங்கள் மறுபடி ஓடிக்கொண்டிருந்தன. மாலைகள் கருகித் தொங்கின. விபூதி அப்படியே இருந்தது.

ட்ரையர் என்பது தேயிலையைக் கடைசியாகக் காயவைக்கும் இயந்திரம். விறகு அடுப்பிலிருந்து சுடுகாற்று ஒரு பெரிய குழாய் வழியாக அதற்குள் போகிறது. சூடு வெளியே வராமல் குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு இருக்கும். அதன் மேல் அலுமினியத் தகடு. பஞ்சு நன்றாக இருந்தால் தகட்டில் கை வைக்கலாம். பஞ்சு உதிர்ந்த இடத்தில் வைக்க முடியாது. உதிர்ந்த இடத்தைக் கண்டுபிடிப்பது என் வேலை.

தகடு முகம் தெரியும் அளவுக்கு மின்னியது. அதைத் தேய்த்தவர் நாகலெட்சுமி. ட்ரையரில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். பூசைக்காகப் புளியும் சாம்பலும் போட்டு இரண்டு நாள் தேய்த்தாராம்.

"எப்புடி சார் இருக்கு? தொர வந்தா இதப் பாத்தே தல சீவிக்கிலாம்."

"நல்லா இருக்குங்க."

"சாருக்கு எந்த ஊரு?"

"கொத்மலைங்க. தோட்டத்து லயத்துலதான் பொறந்தேன்."

"அட, நம்ம புள்ளயா! சட்டையப் பாத்துட்டு கொழும்பாக்கும்னு நெனச்சேன்."

அதன் பிறகு என்னைத் தம்பி என்றார். கெமராவில் தன் முகத்தைக் காட்டச் சொன்னார். திரையில் முகம் சிவப்பும் மஞ்சளுமாக வந்தது.

"ஆத்தாடி, காளியம்மா மாதிரில்ல இருக்கேன். அது ஏன் மூக்கு மட்டும் நீலமா இருக்கு?"

"மூக்கு குளுந்து போயிருக்குக்கா."

"விடிய நாலு மணிக்கு பச்சத் தண்ணில குளிச்சுப் பாருங்க, ஒங்களுக்கும் நீலமாத்தான் இருக்கும்."

இந்த உரையாடல் கதைக்குத் தேவையா என்று யோசித்தேன். தேவையில்லை. ஆனால் அன்று கெமரா சரியாகக் காட்டியது அந்த முகத்தை மட்டும்தான்.

குழாய்க்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஒடுக்கமான வழி இருந்தது. யாரும் அதில் போகாதபடி குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. ஃபிட்டர் மாயாண்டியிடம் சொல்லித் தானே கட்டவைத்ததாக நாகலெட்சுமி சொன்னார். கயிற்றுக்கு அப்பால் குழாயின் ஓர் இடத்தைக் காட்டினார்.

"தம்பி, இந்த எடத்த நல்லாப் பாருங்க. மழையில நனஞ்ச துண்ட எல்லாரும் கொழா மேலதான் காயப் போடுவோம். மத்த எடத்துல வேல முடியிற வரைக்கும் காயாது. இங்க போட்டா பத்து நிமிசம். மொறுமொறுன்னு ஆயிரும்."

கெமராவை நீட்டினேன். முப்பத்தெட்டு பாகை. மற்ற இடங்களை விட இரண்டு பாகைதான் கூடுதல்.

"இல்லக்கா. முப்பத்தெட்டுதான். ஒங்க ஒடம்புச் சூட்ட விட கொஞ்சம் கூட, அவ்வளவுதான்."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப என் துண்டு பொய் சொல்லுதா?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். இரண்டும் ஒரே சிரிப்பு என்று அப்போது நினைத்தேன்.

4

இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் என் குரல் கொஞ்சம் மரியாதையாக மாறியது. நடந்தபடி எழுதுகிறேன்.

அந்தத் தகட்டின் மேல் விபூதி பூசியிருந்தது. மூன்று விரலால் இழுத்த மூன்று கோடுகள். திரையில் தகடு நீலமாக இருந்தது. மூன்று கோடுகளும் வெள்ளையாக எரிந்தன. கெமராவின் குறியை அவற்றின் மேல் வைத்தேன். எண்பத்தாறு.

ஒரே தகடு. நீலத்தில் முப்பத்தெட்டு, கோட்டில் எண்பத்தாறு. இரண்டில் ஒன்று பிழை. எது பிழை என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. மேற்பரப்பில் அழுக்கு இருந்தால் அளவு மாறும் என்று பயிற்சியில் கேட்ட ஞாபகம். விபூதியை அழுக்கு என்று சொல்லாமல்,

"அக்கா, அத கொஞ்சம் தொடச்சு விடுறீங்களா?" என்றேன்.

"பூசைக்கு வச்சதாச்சே தம்பி. அதுவா உதிர்ற வரைக்கும் தொடக்கூடாது."

"படத்துல சரியா வரல்லக்கா. ரிப்போட்டுக்குப் போற படம்."

அவர் கயிற்றைத் தாண்டிப் போனார். தலைத்துண்டை அவிழ்த்தார். ஏதோ முணுமுணுத்தார், என்னிடம் அல்ல. பிறகு துடைத்தார். துண்டைத் தகட்டில் தட்டித் தட்டி எடுத்தார். ஒரு நொடிக்கு மேல் கையை வைக்கவில்லை. அடுப்பிலிருந்து ரொட்டி எடுப்பவர்களின் கை அப்படிப் போகும்.

அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதால்தான் இன்று எழுத முடிகிறது. அந்தக் கை ஏன் அப்படிப் போகிறது என்று கேட்கவில்லை.

இரண்டாவது படம் சுத்தமாக வந்தது. அதை நான்காம் பக்கத்தில் போட்டேன். கீழே என் கையெழுத்து.

5

அடுத்து குணரத்தினம். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர். யாழ்ப்பாணத்துக்காரர். இவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். பெரிய மீசை வைத்தேன். அது போதவில்லை. பெண்களை அதட்ட வைத்தேன். அவர் யாரையும் அதட்டியதில்லை. எனக்குத் தேநீர் தந்து, மழை விடும் வரை இருந்துவிட்டுப் போகச் சொன்னவர்.

அவர் செய்தது ஒன்றுதான். என் அறிக்கையை வாசித்தார். குழாய்ப் பக்கம் ஆபத்தில்லை என்று இருந்தது. கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். தேயிலைத் தூள் மூட்டைகளைச் சுற்றுவழியில் தூக்காமல் அந்த வழியாகவே கொண்டு போகலாம் என்றார். எழுத்தை நம்பும் மனிதர். இலக்கியம் படித்தவனுக்கு அப்படி ஒரு வாசகர் கிடைப்பது அரிது.

மூன்று வாரம் கழித்து என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, ஒரு சின்ன அலுவல். இங்க ஒரு பொம்பிளை கையைச் சுட்டுப்போட்டு ட்ரையர் குழாய் சுட்டதெண்டு சொல்லுறா. உங்கட அறிக்கையில முப்பத்தெட்டு எண்டெல்லோ கிடக்கு?"

"ஆமா சார்."

"முப்பத்தெட்டில கை வேகுமே?"

"வேகாது சார்."

"அப்ப வீட்டில அடுப்பில சுட்டிருக்கும். நான் ஒருத்தரையும் குறை சொல்லேல்ல. எழுத்தில இருக்கிறதைத்தானே நான் பாக்கலாம். அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பக் கையெழுத்து வைச்சு அனுப்பிவிடும்."

அன்றே அனுப்பினேன். எந்தப் பெண் என்று கேட்கவில்லை.

6

தை மாதம் கண்டியில் மறுபயிற்சி. பயிற்றுவித்தவர் மதுரன். மேசையில் புதிய எவர்சில்வர் கேத்தலை வைத்தார். கொதிநீரை ஊற்றினார். எங்கள் எல்லோரையும் படம் பிடிக்கச் சொன்னார். எட்டுக் கெமராக்கள். எல்லாவற்றிலும் முப்பத்துமூன்றுக்கு அருகில்.

"முப்பத்துமூணுதானே. யாராவது கை வையுங்க பாப்போம்."

யாரும் வைக்கவில்லை. மின்வேலைக்குப் பயன்படும் கறுப்பு டேப்பில் ஒரு துண்டைக் கிழித்துக் கேத்தலில் ஒட்டினார். ஒரு நிமிடம் காத்திருந்தோம். திரையில் கேத்தல் நீலம். நடுவே ஒரு வெள்ளைச் சதுரம். தொண்ணூற்றிரண்டு.

"பளபளப்பான சாமான் தன்ட சூட்ட வெளிய விடாது," என்றார். "எதிரில இருக்கிற சூட்டத்தான் திருப்பிக் காட்டும், கண்ணாடி மாதிரி. இவ்வளவு நேரமும் நீங்க கேத்தலப் பிடிக்கல்ல. சுவரையும் உங்களையும்தான் பிடிச்சீங்க. டேப் ஒட்டுங்க, மங்கலான பெயின்ட் அடிங்க, சுண்ணாம்பு பூசுங்க. அந்த இடம்தான் உண்மைக்குக் கிட்ட வரும்."

"விபூதி?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மதுரன் சிரிக்கவில்லை.

"விபூதியும்தான். மங்கலான எதுவும் சரி. ஏன், எங்கயாவது பாத்தீங்களா?"

இல்லை என்றேன்.*

* இது எல்லாம் முதல் பயிற்சிக் கையேட்டிலும் இருந்தது. பதினோராம் பக்கம். வீட்டுக்குப் போய்ப் புரட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் பென்சில் அடையாளங்கள் இருந்தன. மூன்று எழுத்துப்பிழைகளைத் திருத்தியிருந்தேன்.

முதல் படத்தைக் கெமராவில் அழிக்காமல் விட்டிருந்தேன். நீலத் தகடு. மூன்று வெள்ளைக் கோடுகள். எண்பத்தாறு.

தேய்க்காமல் விட்டிருந்தால் பழைய தகட்டின் கறையும் எண்ணெய்ப் படலமும் சூட்டைக் கொஞ்சமாவது காட்டிக்கொடுத்திருக்கும். நாகலெட்சுமி இரண்டு நாள் தேய்த்தார். மிச்சமிருந்ததையும் நான் துடைக்கச் சொன்னேன்.

7

பங்குனியில் போனேன். தொழிற்சாலையில் நாகலெட்சுமி இல்லை. கை சுட்ட பிறகு கொழுந்து பறிக்க மலைக்கு மாற்றிவிட்டார்களாம். கொழுந்து நிறுக்கும் இடத்தில், இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய பெண்களின் நடுவே நின்றார்.

"வாங்க சார்," என்றார்.

தம்பி போய்விட்டது.

நடந்ததைக் கேட்டேன். தலையில் தூள் மூட்டை. தரை ஈரம். கயிறு இருந்த இடத்தில் கால் வழுக்கியது. இடது கை தகட்டில் அழுந்தியது. மூட்டை மேலே சாய்ந்ததால் கையை எடுக்க முடியவில்லை.

சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை தோல் வெளிறி, மினுமினுப்பாக இருந்தது. இங்கே ஓர் உவமை வருகிறது. எழுத மாட்டேன்.

"வெரலு மடங்குதாக்கா?"

"மூனு மடங்காது. கொழுந்து எடுக்க ரெண்டு வெரலு போதும்னு கங்காணி சொல்றாரு. அவருக்கென்ன, அவரு ரெண்டு வெரலால முறுக்கிறது மீசைய மட்டுந்தானே."

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"அடுப்புல சுட்டதுன்னு எழுதிட்டாங்க சார். ஏன் சார், முழங்கை வரைக்கும் வச்சு சுட்டுக்க நான் என்னா ரொட்டியா?"

மீண்டும் சிரித்தார்கள். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"கை போனா போகுது. பொய்க்காரின்னு சொல்லிட்டாங்க. இருவத்திரெண்டு வருசம் இருந்தேன், ஒரு பிடி தூளு எடுத்ததில்ல. இப்ப எங்கிட்ட மணி கேட்டாக்கூட இன்னொரு ஆளுகிட்டயும் கேட்டுக்கிறாங்க."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டுல வேற மாதிரி சொல்றாங்க. சாமிக்கு வச்ச விபூதியத் தொடச்சேன்ல, அந்தக் குத்தமாம். எம் மக வாரம் தவறாம வெளக்கு போடுது. நீங்க படிச்சவங்க. அப்புடி இருக்குமா சார்?"

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"அப்ப வேற என்னா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. கெமரா பையில் இருந்தது. படம் கெமராவில் இருந்தது. இரண்டு நிமிடம் போதும். 'நீங்க தேய்ச்சது அவ்வளவு நல்லா இருந்துச்சுக்கா, அதனாலதான் கெமரா ஏமாந்துச்சு' என்று தொடங்க வேண்டியிருக்கும். 'நான் தொடைக்கச் சொன்னது பிழை' என்று முடிக்க வேண்டியிருக்கும்.

"மழ வருதுக்கா," என்றேன்.

மழை வந்தது. பெண்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் போகும்போது திரும்பி, "அந்த எடத்துல இப்ப தனுஜான்னு ஒரு புள்ள நிக்குது சார். சொல்லி வச்சிருக்கேன். துண்டு காயப் போடு, கை வைக்காதன்னு," என்றார்.

அந்த இடம் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. பஞ்சை யாரும் மாற்றவில்லை. முப்பத்தெட்டு பாகைக்கு ஏன் மாற்ற வேண்டும்?

8

முடிவுகள்.

அ) கடிதம் போகிறது. குணரத்தினம் வாசிக்கிறார். எழுத்தை நம்பும் மனிதர், இதையும் நம்புகிறார். பஞ்சை மாற்றுகிறார். நாகலெட்சுமியைக் கூப்பிட்டு, "பிழை எங்கடதுதான்" என்கிறார். எழுதியபோது கண் கலங்கியது. நான் எழுதியதற்கு நானே கலங்கினால் அதை நம்புவதில்லை.

ஆ) கடிதம் போகிறது. ஒரு பக்கம் பிழை என்றால் நான் கையெழுத்திட்ட மற்றப் பதினான்கு தொழிற்சாலைகளின் அறிக்கைகளும் சந்தேகம். எல்லாவற்றையும் திரும்ப அளக்க வேண்டும். என் வேலை போகிறது. இந்த முடிவில் நான் நல்லவனாகிவிடுகிறேன். நாகலெட்சுமி கதையில் இருந்தே காணாமல் போகிறார்.

இ) லயத்துக்குப் போய் அவரிடமே சொல்கிறேன். மகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து, கேத்தலும் டேப்பும் வைத்துக் காட்டுகிறேன். நாகலெட்சுமி திரையைப் பார்க்கிறார். பிறகு

இந்த வாக்கியம் இரண்டு வாரமாக இப்படியே நிற்கிறது. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. திட்டலாம். "அப்ப துண்டு சொன்னது சரிதானே" என்று மட்டும் சொல்லலாம். மற்ற எல்லோருக்கும் வசனம் எழுதிவிட்டேன். இதற்கு அவரிடம்தான் போக வேண்டும்.

ஈ) எதுவும் நடக்கவில்லை. தனுஜா மூட்டையைத் தூக்குகிறார்.

இதை அதற்கு மேல் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் இது தானாக நடந்துகொண்டிருக்கும் முடிவு.

9

கடிதம்:

"மேற்படி அறிக்கையின் நான்காம் பக்கத்தில் ட்ரையர் குழாயின் மேற்பரப்பு 38 பாகை எனக் குறித்துள்ளேன். அது தவறு. தகடு பளபளப்பாக இருந்ததால் கெமரா அதன் சூட்டைக் காட்டவில்லை. அதே இடத்தில் இருந்த விபூதிக் கோடுகளின் மேல் 86 பாகை காட்டியது. உண்மையான சூடு அதற்கும் கூடுதலாக இருக்கலாம். அந்தப் படத்தை இணைத்துள்ளேன். விபூதியைத் துடைக்கச் சொன்னவன் நான். நாகலெட்சுமியின் கை தொழிற்சாலையில்தான் சுட்டது. அவர் சொன்னது உண்மை. அந்த இடம் இன்றும் ஆபத்தானது. அந்த வழியை உடனே மூடவும்."

நீங்கள் வாசித்துவிட்டீர்கள். இப்போது அனுப்பிவிட்டது போல இருக்கிறது. அனுப்பவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாகலெட்சுமி என்று அந்தத் தொழிற்சாலையில் யாரும் இல்லை. கதைக்காக வைத்த பெயர். குணரத்தினமும் அப்படித்தான், தனுஜாவும் அப்படித்தான். மேலே உள்ள கடிதத்தை இப்படியே அனுப்பினால், இல்லாத ஒரு பெண் பொய் சொல்லவில்லை என்று மட்டுமே அது நிறுவும். அனுப்புவதென்றால் அவருடைய சொந்தப் பெயரை எழுத வேண்டும். கீழே என்னுடையதை.

முடிவை உங்களிடம் கொடுத்துவிடலாம் என்று எண்ணித்தான் இதைத் தொடங்கினேன். அப்படி முடியும் கதைகள் எனக்குப் பிடிக்கும். இப்போது பார்த்தால் கொடுக்க முடியவில்லை.

உங்களுக்கு அவருடைய பெயர் தெரியாது. எனக்குத் தெரியும்.